ஆலய நிலமும் ஆவணமும்

(ஆயர் ஈத்தாம் ஆலயத் திருவிழாவை முன்னிட்டு ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா மேடையில் சொற்பொழிவு என்றால் புராண வரலாற்றையோ திருமுறைச் சிறப்பையோ எதிர்பார்ப்பது அன்பர்களின் இயல்பு. நிலவரி, கதவு வரி, கிராண்ட், லாட் எண் என்பன அந்த வரிசையில் சேரும் சொற்கள் அல்ல. ஆயினும், மூலவர் எழுந்தருளியிருக்கும் மண் எவர் பெயரில் உள்ளது என்னும் எளிய வினாவுக்கு விடை சொல்ல முடியாத ஆலயங்கள் இந்நாட்டில் பல உண்டு. அந்த வினாவை ஆலயத்தார் எழுப்பாமல் விட்டால், என்றேனும் ஒரு நாள் நில உரிமையாளரின் வழக்கறிஞர் எழுப்புவார். அப்போது விடை தேடுவதற்குப் போதிய அவகாசம் இராது.

கோயிலையும் நிலப்பதிவையும் சேர்த்துப் பேசுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. முதலாம் இராசராச சோழன் எழுப்பி, கி.பி. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கற்சுவர்களைப் பார்த்தால் இது விளங்கும். கோயிலுக்கு அளிக்கப்பட்ட தேவதான ஊர்களின் பெயர்கள், அளந்து கண்ட நிலத்தின் பரப்பு, அதில் ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு என்று கழிக்க வேண்டிய பகுதி, எஞ்சிய நிலத்திலிருந்து கோயிலுக்கு வர வேண்டிய நெல் ஆகிய அனைத்தும் அங்கே வெட்டப்பட்டுள்ளன. வரி நீக்கப்பட்ட நிலத்திற்கு ‘இறையிலி’ என்று பெயரே இருந்தது. இறைவன் பெயரால் விடப்பட்ட நிலந்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று சோழர்கள் இருந்துவிடவில்லை. நான்கெல்லையும் குறித்துக் கல்லிலே பொறித்தார்கள். அந்தக் கல்வெட்டின் வேலையை இன்று மலேசியாவில் செய்வது நில அலுவலகத்தின் பதிவேடு.

மலாயாவிற்கு வந்த தமிழர் பால்மரக் காட்டின் நடுவே கல்லை நட்டு, சூலத்தை ஊன்றி, மாரியம்மனையும் முனீஸ்வரரையும் வழிபட்டபோது கிராண்ட் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. தோட்டத் துரையின் அனுமதி ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த அனுமதியும் பெரும்பாலும் வாய்மொழிதான். நிலம் கம்பெனியின் பெயரில் இருந்தது. கோயில் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்தது. கம்பெனி இருந்த வரையில் இவ்விரண்டிற்கும் இடையே இருந்த முரண்பாடு வெளியே தெரியவில்லை.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியதும் அது தெரியத் தொடங்கிற்று. பெரிய தோட்டங்கள் வெட்டி வெட்டி விற்கப்பட்டன. பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை அக்காலத்து நிலையை விரிவாகக் காட்டுகிறது. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். இதனைத் தடுக்கும் பொருட்டே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் சங்கமே வாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டமே அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். தோட்டக் கோயில்களின் வரலாற்றை எழுதுவோர் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாற்றையும் சேர்த்து எழுதுவதே முறை. கிராண்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதே ஒரு சமுதாயத்தின் கதியை நிர்ணயிக்கும் என்பதை அன்றே கண்டுகொண்டவர் சம்பந்தன்.

அண்மைக் காலத்தில் நாடறிந்த இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு எண்ணிப் பார்க்கலாம். சிலாங்கூர், சுபாங் ஜெயாவில் உள்ள சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் தோட்டக் காலத்தில் எழுந்தது. நிலம் பின்னர் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. 2014இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு ஒன்று பதிவாயிற்று. ஆலயத்தை இடம் மாற்றுவது குறித்து அன்பர்களிடையே கருத்து வேற்றுமை நீடித்தது. 2018 நவம்பர் 26ஆம் நாள் விடியுமுன் அங்கே மூண்ட கலவரத்தையும், அதில் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்ததையும் நாடு மறக்கவில்லை. மற்றது, கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் இருந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். நூற்றாண்டைக் கடந்த வழிபாடு என்று கூறப்படும் அந்த ஆலயம் நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014இல் ஒரு தனியார் நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. 2025 மார்ச் மாதத்தில், சற்றுத் தொலைவிலேயே உள்ள வேறோர் இடத்திற்கு ஆலயத்தை மாற்ற இணக்கம் காணப்பட்டது. இரண்டிலும் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. இரண்டிலும் ஆலயத்தின் வயது ஒரு நூற்றாண்டை ஒட்டிச் சொல்லப்பட்டது. இரண்டிலும் கிராண்டில் ஆலயத்தின் பெயர் இல்லை. கருதத்தக்கது இதுவே.

‘நூறு ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறோம், ஆகவே நிலம் எங்களுடையதே’ என்னும் வாதம் உள்ளத்தை உருக்கும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1966 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமமின்றியோ உரிமம் பெற்றோ இருந்தாலும், அதனால் நில உரிமை உண்டாகாது என்று கூறுகிறது. 341ஆம் பிரிவு, தனியார் நிலத்தில் நெடுங்காலம் இருந்தாலும் பதிவு பெற்ற உரிமையாளரின் உரிமை அழியாது என்கிறது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பல ஆண்டு அனுபவத்தால் நிலம் சொந்தமாகும் என்று சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். மலேசியாவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று. மலேசியா பின்பற்றுவது டோரன்ஸ் முறை எனப்படும். சர் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் 1858இல் ஆஸ்திரேலியாவின் சௌத் ஆஸ்திரேலியா மாநிலத்தில் இதனை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். கப்பல்களின் உரிமையைப் பதிவேட்டில் குறிக்கும் முறையையே நிலத்திற்கும் அவர் பொருத்தினார் என்பர். பழைய பத்திரங்களைப் புரட்டி, தாத்தா யாரிடம் வாங்கினார் என்று தேட வேண்டியதில்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அரசாங்கமே அதற்குச் சான்று. ஜொகூரில் 1910ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின் காலத்திலிருந்தே பதிவு முறை வழங்கி வந்தது. தேசிய நிலச் சட்டம் 2020இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டு 828ஆம் சட்டம் என்னும் புதிய எண்ணைப் பெற்றது. பழைய நூல்களில் 1965ஆம் ஆண்டின் 56ஆம் சட்டம் என்று காண்போர் குழம்ப வேண்டியதில்லை.

பதிவேட்டில் பெயர் வந்துவிட்டால் அதனை அசைக்க முடியாது என்பது பொது விதி. மோசடி, போலிக் கையொப்பம், செல்லாத ஆவணம் போன்றவை அதற்கு விலக்கு. இந்த விலக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நீதிமன்றமே பத்தாண்டுகள் தடுமாறியது. பினாங்கில் பூன்சோம் பூன்யானிட் என்னும் மாதின் நிலத்தை, அவரைப்போல் நடித்த ஒருத்தி விற்றுவிட்டாள். வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கினார் என்பதால் நிலம் அவருக்கே என்று கூட்டரசு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. நாடே திகைத்த தீர்ப்பு அது. 2010 ஜனவரியில், தான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு தவறென்று கூறித் திருத்திற்று. தம் நிலத்தைப் போலிப் பத்திரத்தின் மூலம் வேறொருவர் வங்கியில் அடகு வைத்திருந்ததை, கடனைக் கட்டச் சொல்லி வங்கி எழுதிய கடிதத்தால்தான் அவர் அறிந்தார். கிராண்டைப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதும் என்று எண்ணும் அன்பர்கள் இதனை ஒரு முறைக்கு இரு முறை சிந்திக்க வேண்டும். பெட்டியில் இருப்பது படி. உயிர் இருப்பது பதிவேட்டில்.

பதிவேட்டைப் பார்க்கும் உரிமை எவருக்கும் உண்டு. உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. கட்டணம் செலுத்தித் தனியார் தேடுதல் செய்யலாம். அதிகாரபூர்வத் தேடுதல் செய்து சான்றிதழும் பெறலாம். மலாய் மொழியில் முன்னதைச் சாரியான் பெர்செண்டிரியான் என்றும் பின்னதைச் சாரியான் ரஸ்மி என்றும் அலுவலகத்தில் வழங்குவர். சொந்த விவரத்திற்கு முன்னது போதும். நீதிமன்றத்திலோ வங்கியிலோ சங்கப் பதிவதிகாரியிடமோ காட்ட வேண்டுமானால் பின்னதே ஏற்றது. ஆயர் ஈத்தாம் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்ததாகையால் மாவட்ட நில அலுவலகக் கிராண்டுகளுக்கு நாட வேண்டிய இடம் பத்து பகாட். மாநிலப் பதிவகத்தில் பதிந்த கிராண்டுகள் ஜொகூர் மாநில நில, கனிமவள அலுவலகத்தைச் சார்ந்தவை.

தேடுவோர் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்று உண்டு. பதிவேடு ஆட்களின் பெயர் வரிசையில் அமைந்ததன்று. நிலத்தின் அடையாளத்தால் அமைந்தது. ‘எங்கள் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது?’ என்று முகப்பில் கேட்டால் எழுத்தர் விழிப்பார். மாவட்டம், முக்கிம் அல்லது பட்டணம், லாட் எண், கிராண்டின் வகை, அதன் எண் ஆகியவற்றைச் சொன்னால் சில நிமிடத்தில் விவரம் கிடைத்துவிடும். பழைய நிலவரி ரசீது ஒன்று அகப்பட்டால் இவை அனைத்தும் அதிலேயே இருக்கும். எதுவும் அகப்படவில்லையா? அண்டை வீட்டாரின் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். அவர் லாட் எண்ணைக் கொண்டு நில அளவை, வரைபட இலாகாவில் அப்பகுதியின் அளவைப் படத்தை விலை கொடுத்துப் பெற்றால், பக்கத்து லாட்டின் எண் அதில் தெரியும். அளவை முடியாத நிலத்திற்கு ஜொகூரில் லாட் எண்ணுக்குப் பதில் பி.டி.டி. எண் இருக்கும். இவ்வாறு அண்டை அயலிலிருந்து நூல் பிடித்துச் செல்வதே நடைமுறையில் பலருக்குக் கைகொடுத்த வழி.

கிராண்ட் கைக்கு வந்ததும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது பெரும்பாலோர் வழக்கம். அதில் படிக்க வேண்டியவை இன்னும் உள. முதலில், வகை. கெரான் என்றும் கெரான் முக்கிம் என்றும் இருந்தால் நிரந்தர உரிமை. பஜாக்கான் என்னும் சொல் இருந்தால் அது குத்தகை. 99 ஆண்டுக்கு மேற்படாத காலவரையும் அது முடியும் தேதியும் உள்ளே இருக்கும். எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்று தொடங்கினால் அளவை முடிவுறாத தற்காலிக உரிமை. அடுத்து, நிலத்தின் பயன்பாடு. விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று பிரிவுகளில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். ‘ரப்பர் பயிரிட மட்டும்’ என்ற நிபந்தனையுடன் உள்ள நிலத்தில் கோபுரம் எழுந்திருந்தால், நிலம் ஆலயத்தின் பெயரிலேயே இருந்தாலும் நிபந்தனை மீறல் ஆகும். 124ஆம் பிரிவின் கீழ் மாநில அரசுக்கு விண்ணப்பித்துப் பயன்பாட்டை மாற்றிக்கொள்ளலாம். கூடுதல் கட்டணம் விதிக்கப்படும். திருப்பணிக்குப் பணம் திரட்டுமுன் செய்ய வேண்டிய வேலை இது. கும்பாபிஷேகம் முடிந்த பிறகு செய்வோரே மிகுதி என்பது வருந்தத்தக்கது. பிறகு, மாற்றம் செய்ய மாநில அரசின் அனுமதி தேவை என்பது போன்ற தடைகள், அடகு, கேவியட் ஆகியவை. தனியார் கேவியட் ஆறாண்டு காலம் நிற்கும்.

எல்லா ஆலயங்களுக்கும் கிராண்ட் இருக்க வேண்டும் என்பதுமில்லை. மாநில அரசு 62ஆம் பிரிவின் கீழ் ஒரு நிலத்தை வழிபாட்டுத் தலத்திற்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிட்டிருக்கலாம். அதுவும் வலுவான பாதுகாப்பே. அரசிதழ் எண்ணையும் நாளையும் ஆலயத்தார் கையில் வைத்திருக்க வேண்டும். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்பது வேறு. அது அந்த ஆண்டின் இறுதியோடு காலாவதியாகிவிடும்; பிறருக்கு மாற்றித்தர இயலாது; இருபது ஆண்டுகள் புதுப்பித்திருந்தாலும் உரிமை பிறக்காது. ‘நில அலுவலகத்திற்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம்’ என்று நிம்மதியாக இருக்கும் சில ஆலயங்கள் கட்டுவது இந்த உரிமக் கட்டணத்தையே.

இனி, பெயர். மிகவும் நுட்பமான பகுதி இதுதான். அந்நாளில் ஆலயத்திற்கு நிலம் வாங்கியபோது தலைவரின் பெயரிலோ, ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரின் பெயரிலோ எழுதிவிட்டார்கள். நம்பிக்கையின் பேரில் நடந்த காரியம். அதில் கள்ளம் இல்லை. அப்பெரியவர் மறைகிறார். பதிவேட்டின் கண்ணுக்கு அந்நிலம் அவருடைய சொந்தச் சொத்து. வாரிசுகள் வெளியூரில், சிலர் வெளிநாட்டில், சிலருக்கு ஆலயத்தோடு தொடர்பே இல்லை. ஒருவர் கையொப்பமிட மறுத்தாலும் வழக்குத்தான். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், மறைந்தவர் சொத்தைப் பங்கிடும் நடைமுறை முழுவதையும் கடந்த பின்னரே நிலம் ஆலயத்திற்கு வரும்.

இதற்குச் சட்டம் மூன்று நல்ல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆலய நிர்வாகம் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருந்தால், அச்சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி நிலத்தைச் சங்கத்தின் பெயரிலேயே பதியலாம். அப்பதிவு இருக்கும்போது, விற்கவோ மாற்றவோ அப்போதைய பொறுப்பாளர்கள் மூவர் கையொப்பமிட வேண்டும். அவர்களின் நியமனத்திற்குச் சங்கப் பதிவதிகாரியின் சான்றும், சங்கத்தின் முத்திரையும் வேண்டும். இந்த ஏற்பாட்டின் சிறப்பு, ஆட்கள் மாறினாலும் உரிமையாளர் மாறுவதில்லை என்பதே. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆண்டுக் கூட்டம் நடத்தாமல், அறிக்கை அனுப்பாமல் சங்கத்தின் பதிவே ரத்தானால், நிலத்தின் கதியும் சிக்கலாகிவிடும். நாற்காலிச் சண்டையால் பதிவை இழந்த ஆலயங்களைப் பற்றி அன்பர்கள் கேள்விப்படாமல் இல்லை. இரண்டாம் வழி, 1952ஆம் ஆண்டின் அறங்காவலர் கூட்டிணைப்புச் சட்டம். சமய, கல்வி, அறப்பணிகளுக்கான அறங்காவலர்கள் அதன் கீழ்ச் சட்டபூர்வமான ஒரே நிறுவனமாக ஆகலாம். மூன்றாவது, தனி ஆட்களின் பெயரில் பதிவதே தவிர்க்க முடியாததானால், தேசிய நிலச் சட்டத்தின் 344ஆம் பிரிவின்படி பெயருடன் ‘அறங்காவலராக’ என்னும் சொல்லைச் சேர்த்துப் பதிந்து, அறக்கட்டளைப் பத்திரத்தையும் பதிவதிகாரியிடம் ஒப்படைத்தல். அந்த ஒரு சொல் இல்லாமையால் நேர்ந்த குடும்பப் பகைகள் பல.

வரிகளுக்கு வருவோர் முதலில் தெளிய வேண்டியது, வரி இரண்டு என்பது. நிலவரி மாநில அரசுக்குரியது; நில அலுவலகத்தில் கட்டுவது; மண்ணுக்காக. மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்திற்கு உரியது. குப்பை அகற்றல், சாக்கடை, தெருவிளக்கு ஆகிய சேவைகளுக்காக வீடு, கட்டடம் முதலியவற்றின் மீது விதிப்பது. மக்கள் வழக்கில் கதவு வரி, சுக்காய் பிந்து. இரண்டில் எதைக் கட்டிய ரசீதும் உரிமைக்குச் சான்றாகாது. மன்றத்தின் சீட்டில் ஆலயத்தின் பெயர் இருப்பதைக் கண்டு நிலமே ஆலயத்தினுடையது என்று மகிழ்வது, மின்சாரச் சீட்டில் பெயர் இருப்பதால் வீடு தமது என்று வாடகைக்காரர் எண்ணுவதை ஒக்கும்.

நிலவரி ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் கடமையாகிறது. மே 31க்குள் கட்டாவிட்டால் ஜூன் முதல் அது நிலுவை. நிலுவை தொடர்ந்தால் நில நிர்வாகி 6ஏ பாரம் என்னும் அறிவிப்பை அனுப்புவார். அதன்பின் மூன்று மாத அவகாசம். அதற்குள்ளும் கட்டாவிட்டால் 100ஆம் பிரிவின்படி நிலத்தையே பறிமுதல் செய்து அரசுடைமையாக்க முடியும். நிலம் மட்டுமன்று; அதன்மேல் நிற்கும் கட்டடமும் இழப்பீடின்றி அரசைச் சேரும். சில நூறு வெள்ளி நிலுவைக்காக இலட்சக்கணக்கில் செலவிட்டு எழுப்பிய மண்டபம் போகக்கூடும் என்றால் நம்புவது கடினம். ஆயினும் சட்டம் அதுவே. இதில் இன்னொரு கண்ணி. அறிவிப்பு செல்வது பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. அந்த முகவரி அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு தோட்டத்தின் லயத்து வீடாக இருந்தால், தோட்டமும் லயமும் மறைந்த பிறகு கடிதம் யார் கைக்குப் போகும்? முகவரி மாற்றத்தை நில அலுவலகத்தில் தெரிவிப்பது மிகச் சிறிய வேலை. ஆண்டுக்கொரு முறை செயலாளர் மாறும் ஆலயங்கள், செயலாளரின் வீட்டு முகவரியைத் தவிர்த்து ஆலய முகவரியையே கொடுப்பது நலம்.

மதிப்பீட்டு வரி 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் ஆளப்படுகிறது. ஆண்டில் இரு தவணை: பிப்ரவரி இறுதிக்குள் ஒன்று, ஆகஸ்ட் இறுதிக்குள் மற்றொன்று. கட்டத் தவறினால் நிலுவை அறிவிப்பு வரும். அதன்பின் வாரண்டு பிறப்பித்துப் பொருள்களை ஜப்தி செய்யும் அதிகாரமும் மன்றத்திற்கு உண்டு.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் ஜொகூருக்கு ஒரு தனித்தன்மை இருக்கிறது. தீபகற்பத்தின் பிற மாநிலங்களில் ஆண்டு வாடகை மதிப்பே அடிப்படை. அந்த வீட்டை ஆண்டு முழுவதும் வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று கணித்து, அதில் ஒரு விழுக்காடு. ஜொகூரில் அடிப்படை நிலை தம்பா எனப்படும் சொத்து மதிப்பு: விற்க விரும்பும் ஒருவருக்கு, வாங்க விரும்பும் ஒருவர் நியாயமாகக் கொடுக்கும் விலை. வாடகை மதிப்பானால் 35 விழுக்காடும், சொத்து மதிப்பானால் 5 விழுக்காடும் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு. நடைமுறையில் விதிப்பது அதைவிட மிகக் குறைவு. கணக்கு விளங்குவதற்காக, மன்றத்தின் பட்டியலில் ஒரு வீட்டின் மதிப்பு 100,000 வெள்ளி என்றும் வரி 0.2 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 200 வெள்ளி. ஒரு தவணைக்கு 100. கோலாலம்பூரில் இருக்கும் உறவினரின் சீட்டோடு ஆயர் ஈத்தாம் சீட்டை ஒப்பிட்டு, விழுக்காடு குறைவாகவோ மிகுதியாகவோ இருக்கிறதென்று வியப்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும்.

பழைய நெடுஞ்சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியே மெர்சிங் செல்லும் சாலையும் சந்திக்கும் இவ்வூரில், சாலையோர நிலத்தின் மதிப்பும் உட்புறக் கம்பத்து நிலத்தின் மதிப்பும் ஒன்றாகா. மண்பாண்ட, பீங்கான் கடைகள் வரிசையாக நிற்கும் பகுதியை அன்பர்கள் அறிவர். ஆகவே மன்றத்தின் மதிப்பீட்டாளர் சாலையோரக் கடை வீட்டின் அளவுகோலால் பின்புறத்து வீட்டையும் அளந்துவிட்டாரா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை. மதிப்புப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு நீட்டித்துத் தரும் காலத்திற்கு ஒருமுறை, புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்று 137ஆம் பிரிவு கூறுகிறது. புதிய பட்டியல் தயாரானதும் அதனைப் பார்வையிட அறிவிப்பு வெளிவரும். 142ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக மன்றத்தைச் சேர வேண்டும். மதிப்பு மிகை, வரிக்கு உட்படாத சொத்து பட்டியலில் சேர்ந்துவிட்டது, இரண்டாகக் கணிக்க வேண்டியதை ஒன்றாகக் கணித்துள்ளனர் என்பன போன்றவை செல்லும் காரணங்கள். ‘வரி கூடிவிட்டது, கட்ட வசதியில்லை’ என்று எழுதும் கடிதம் மதிப்பீட்டை அசைக்காது. அதே தெருவில், அதே அளவு வீட்டிற்கு மன்றம் கணித்த மதிப்பு எவ்வளவு என்று பட்டியலில் பார்த்து, வேறுபாட்டை எண்ணோடு எழுதும் கடிதம் அசைக்கும். மன்றத்தின் முடிவில் நிறைவடையாதவர் உயர்நீதிமன்றத்தை நாடலாம்.

ஆலயங்களுக்கு மிகவும் பயன்படும் பிரிவு 134. வழிபாட்டுத் தலம், உரிமம் பெற்ற இடுகாடு அல்லது சுடலை, பொதுப் பள்ளி, அறப்பணிக்கான பொது இடம் ஆகியவற்றிற்கு மட்டுமே பயன்படும் சொத்து, இலாப நோக்கின்றி இருக்குமானால், அதற்கு முழு வரியிலிருந்தோ பகுதி வரியிலிருந்தோ விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. பழைய இறையிலி மீண்டும் தலைகாட்டுகிறது எனலாம். ஆனால் இது தானாக வருவதன்று. மாநில அரசின் விருப்பத்திற்கு உட்பட்டது. கேட்காத ஆலயம் கட்டிக்கொண்டே இருக்கும். ‘மட்டுமே’ என்னும் சொல்லையும் கவனிக்க வேண்டும். கருவறையும் மகா மண்டபமும் வழிபாட்டிற்கு. பக்கத்து மண்டபம் திருமண வாடகைக்கு. முன்புறக் கடை பூ வியாபாரிக்கு. இத்தகைய ஆலயம் முழுச் சொத்துக்கும் விலக்குக் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும். சட்டம் சொத்தின் ஒரு பகுதிக்கும் விலக்களிக்க இடம் தருவதால், வரைபடத்தில் வழிபாட்டுப் பகுதியைத் தனியே வண்ணமிட்டுக் காட்டி, அப்பகுதிக்கு விலக்கும் எஞ்சியதற்கு நேர்மையான வரியும் கேட்பதே அறிவுடைமை. சங்கப் பதிவுச் சான்று, நிலத்தின் தேடுதல் சான்று, கட்டடப் படம், கணக்கறிக்கை ஆகியவற்றை இணைத்தால் மன்றத்தார்க்கும் வேலை எளிதாகும்.

வீடு வாங்குவோர், விற்போர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. நில அலுவலகத்தில் 14ஏ பாரத்தின் வழி பெயர் மாறிவிட்டால் மன்றத்திலும் தானாக மாறிவிடும் என்று எண்ணுகின்றனர். மாறாது. 160ஆம் பிரிவின்படி விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்திற்குள் ஐ, ஜே என்னும் பாரங்களின் மூலம் மன்றத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரையில் விற்றவரே வரிக்குப் பொறுப்பாளியாக இருப்பார். விற்று ஆண்டுகள் பல கடந்த வீட்டிற்கு வாரண்டு வந்து திகைப்போர் இதனால்தான் திகைக்கின்றனர். ஆலயத்திற்கு எவரேனும் வீட்டையோ நிலத்தையோ தானம் செய்யும்போதும் இதே நடைமுறைதான். தானம் செய்த புண்ணியவான் வரி நிலுவைக்காக மன்றத்தின் வாசலில் நிற்கும்படி விடுவது ஆலயத்திற்கு அழகன்று.

கடைசியாக, காகிதங்களின் இருப்பிடம். பல ஆலயங்களில் கிராண்ட் முன்னாள் தலைவர் வீட்டு அலமாரியிலும், அளவைப் படம் முன்னாள் செயலாளரிடமும், வரி ரசீதுகள் பொருளாளர் கார் பெட்டியிலும் இருப்பது வழக்கமாகிவிட்டது. நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தும் வங்கிப் புத்தகமும் கைமாறுகின்றன. கிராண்ட் கைமாறியதா என்று கூட்டக் குறிப்பில் எழுதப்படுவதில்லை. கிராண்ட் உண்மையிலேயே தொலைந்துவிட்டதானால் அஞ்ச வேண்டியதில்லை. போலீசில் புகார் செய்து, சத்தியப் பிரமாணம் எழுதி, நில அலுவலகத்தில் மாற்று ஆவணத்திற்கு விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு அரசிதழில் வெளியாகி, ஆட்சேபம் எழாவிட்டால் புதிய ஆவணம் கிடைக்கும். அதற்கு முன்பு, பத்து பகாட் சென்று ஒரு தேடுதல் செய்து, பதிவேட்டில் இருக்கும் பெயரும் முகவரியும் எவை என்று பார்த்து வருவதற்கு அரை நாள் போதும்.